சக்கரம் பூட்டிய தொட்டில்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையில் கிளிஞ்சல் வடிவில் ஒரு சிறிய வண்டி இருக்கிறது. டெவன்ஷயரின் மூன்றாம் கோமகன் 1733இல் தம் பிள்ளைகளுக்காகச் செய்வித்தது. வரைந்து கொடுத்தவர் வில்லியம் கென்ட். கட்டடக் கலைக்கும் தோட்டக் கலைக்கும் அந்நாளில் பேர்போனவர். கோமகன் குடும்பத்தின் சின்னம் பாம்பு என்பதால் வண்டியின் சட்டத்திலும் பாம்புகள் வளைந்து நிற்கின்றன. அடியில் ஸ்பிரிங் உண்டு. இழுத்துச் செல்ல ஓர் ஆடோ சிறிய மட்டக்குதிரையோ போதும். குழந்தை வண்டியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வண்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆனால் இது பெரியவர்களின் கோச்சு வண்டியைச் சிறிதாக்கிய ஒரு விளையாட்டுப் பொருள். நிமிர்ந்து உட்காரத் தெரிந்த பிள்ளை மாளிகைத் தோட்டத்தைச் சுற்றிவரச் செய்தது. கைக்குழந்தையை வெளியே கொண்டு போகும் வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதே நூற்றாண்டில் வேறு சில செல்வர் வீடுகளும் இப்படிப்பட்ட வண்டிகளை வைத்திருந்தன. விலங்குக்குப் பதில் பணியாளே முன்னால் நின்று இழுக்கும்படி கைப்பிடி வைத்தவையும் அவற்றில் உண்டு. சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாத பொருள், தேவையில்லாத பொருளும்கூட.

பிள்ளைக்கும் சக்கரத்துக்குமான உறவு தமிழ்நாட்டில் வேறு வழியில் போயிற்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவம் சிறுதேர். அங்கே தேரை உருட்டி விளையாடுவது குழந்தை. ஏறி உட்கார்ந்து போவதில்லை. தச்சர் செய்து தரும் மூன்று சக்கர நடைவண்டியும் அப்படித்தான், நடை பழகும் பிள்ளை அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும். கைக்குழந்தையைச் சுமக்க இடுப்பு இருந்தது. தூங்க வைக்கத் தூளி இருந்தது. பழைய பருத்திச் சேலை ஒன்றை வீட்டு உத்திரத்திலோ, வேலைக்குப் போன இடத்தில் மரக்கிளையிலோ கட்டினால் தூளி தயார். யாழ்ப்பாணத்தில் அதன் பெயர் ஏணை. அம்மாவின் கை ஓய்ந்தால் பாட்டி, அத்தை, அக்கா என்று அடுத்த இடுப்பு காத்திருந்த வீடுகளில், வரப்பும் மணலுமாகக் கிடந்த பாதைகளில், தள்ளும் வண்டிக்கு வேலை இருக்கவில்லை.

உலகின் பெரும்பகுதி மக்கள் இப்படியே துணியில் கட்டி முதுகிலும் இடுப்பிலும் பிள்ளைகளைச் சுமந்தார்கள். வண்டி பிறப்பதற்கு மூன்று காரியங்கள் ஒரே இடத்தில் கூடிவர வேண்டியிருந்தது. தளம் போட்ட நடைபாதை வேண்டும். சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் ஆயாவை வைத்துக்கொள்ளும் அளவுக்கு நடுத்தர வர்க்கம் பெருகியிருக்க வேண்டும். வெளிக்காற்று பிள்ளையின் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் இவை மூன்றும் கூடியிருந்தன. நிலக்கரிப் புகை மண்டிய தெருக்களில் வாழ்ந்தவர்களுக்கு ஹைட் பார்க்கும் ரீஜன்ட்ஸ் பார்க்கும் மூச்சுவிடும் இடங்கள். பிள்ளையை நாள்தோறும் அங்கே கொண்டுபோய்க் காற்று வாங்க வைப்பது வசதியுள்ள வீடுகளில் வழக்கமாயிற்று. ஒரு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் தூக்கிப்போகும் கை யாருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

அதுவரை இருந்த வண்டிகள் இழுவண்டிகள். இழுப்பவரின் முதுகுதான் பிள்ளைக்குத் தெரியும். பின்னால் பிள்ளை சரிந்தாலும் விழுந்தாலும் இழுப்பவருக்கு உடனே தெரியாது. லண்டனில் சார்ல்ஸ் பர்ட்டன் என்பவர் 1853இல் காப்புரிமை பெற்ற வண்டியில் கைப்பிடி பின்பக்கம் வந்தது. இழுப்பது தள்ளுவதாக மாறிய இந்தத் திருப்பம்தான் குழந்தை வண்டியின் உண்மையான தொடக்கம். பிள்ளை தள்ளுபவரின் கண் முன்னால் வந்துவிட்டது. மூன்று சக்கரம், நாற்காலி போன்ற இருக்கை, இடுப்பைச் சுற்றி ஒரு வார், அவ்வளவுதான் அன்றைய வண்டி.

அதற்குப் பெராம்புலேட்டர் என்று பெயர். சுற்றி நடப்பது என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பின்னாளில் அது பிராம் என்று சுருங்கியது. நில அளவையாளர்கள் சாலையின் நீளத்தை அளக்க உருட்டிச் செல்லும் கைப்பிடிச் சக்கரத்துக்கும் அதே பெயர்தான். அதுதான் பழைய பொருளும். கம்பெனி ஆட்சிக் காலத்தில் தென்னிந்தியச் சாலைகளின் தொலைவை அளந்தவர்களும் பெராம்புலேட்டரைத்தான் உருட்டினார்கள். ஆகவே மதராஸ் மாகாணத்து அளவைக்காரர்களுக்கு அந்தச் சொல், குழந்தையை ஏற்றிக்கொள்ளும் முன்பே பழக்கமாகியிருந்தது.

புதிய வண்டிக்கு எதிர்ப்பும் வந்தது. நடைபாதையில் எவ்வித வண்டியும் ஓட்டக் கூடாது என்பது 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம். ஆயா தள்ளும் பெராம்புலேட்டரும் அந்தச் சட்டம் சொல்லும் வண்டிதானா என்று கேள்வி எழுந்தது. கணுக்காலில் சக்கரம் இடிக்கிறது, வழியை அடைக்கிறது என்று நடப்பவர்கள் குறை சொன்னார்கள். மருத்துவர்களின் கவலை வேறு. கழுத்து நிற்காத பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளுகிறார்கள், தலை ஒரு பக்கம் சாய்ந்தபடியே அது உறங்குகிறது, குளிரில் கால்கள் தொங்குகின்றன என்று அவர்களில் சிலர் எச்சரித்தார்கள். அந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. பிறந்த குழந்தை மல்லாந்து படுக்க வேண்டும்; தானாக உட்காரும் வரை, அதாவது ஏறக்குறைய 6 மாதம் வரை, சாய்வில்லாத இருக்கை அதற்கு ஆகாது என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

வண்டி செய்பவர்கள் அந்தக் குறைக்கு வழி கண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் நாற்காலி போய்க் கூடை வந்தது. பிள்ளை கால் நீட்டிப் படுக்கலாம், மேலே மடக்கும் கூரை, நான்கு சக்கரம். தொட்டிலுக்குச் சக்கரம் பூட்டியது இப்போதுதான். பதப்படுத்திய ரப்பர் மலிவானதும் இரும்புப் பட்டைக்குப் பதில் ரப்பர் பட்டை ஏறியது. கல் பாவிய தெருவில் கடகடவென்று அதிர்ந்த வண்டி ஓசை குறைந்து உருண்டது.

அட்லான்டிக்கின் மறுகரையில் வண்டிக்கு வேறு உடம்பு கிடைத்தது. கீழைத் தீவுகளிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில், சரக்கு ஆடாமல் இருக்க இடையிடையே பிரம்புக் கட்டுகளைத் திணித்து வைப்பார்கள். சரக்கை இறக்கியதும் பிரம்பைத் துறையிலேயே போட்டுவிடுவார்கள். சைரஸ் வேக்ஃபீல்ட் என்ற மளிகை வணிகர் 1840களில் அதை வாங்கி விற்கத் தொடங்கி, பின்பு பிரம்புச் சாமான்கள் செய்யும் பெரிய ஆலையே வைத்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கார்ட்னர், லெமின்ஸ்டர் ஊர்களில் பிரம்பு முடைந்த குழந்தை வண்டிகள் ஆயிரக்கணக்கில் உருவாயின. லெமின்ஸ்டரில் விட்னி குடும்பத்தின் தொழிற்சாலை 1858இல் தொடங்கியது. பிரம்பு எடை குறைவு, காற்று புகும், எப்படியும் வளையும். அமெரிக்காவின் கோடை வெக்கைக்குப் பொருந்திய பொருள். அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்களின் விலைப்பட்டியல்கள் இந்த வண்டிகளை ரயில் போகும் ஊருக்கெல்லாம் கொண்டு சேர்த்தன. மாளிகைப் பொருளாகத் தொடங்கிய வண்டி கடைக்காரர், எழுத்தர், கைவினைஞர் வீடுகளுக்கு வந்தது அப்படித்தான்.

அமெரிக்கப் பங்களிப்பில் முதன்மையானது பால்டிமோர் நகரில் வாழ்ந்த கறுப்பினத்தவரான வில்லியம் ரிச்சர்ட்சனுடையது. 1889 ஜூன் 18 அன்று அவர் பெற்ற காப்புரிமை, கூடையைத் திருப்பிப் பொருத்தும் மூட்டைப் பற்றியது. பிள்ளை வெளியைப் பார்த்தும் படுக்கலாம், தள்ளுபவரின் முகத்தைப் பார்த்தும் படுக்கலாம். பிள்ளை யாரைப் பார்த்து இருக்க வேண்டும் என்ற இந்தக் கேள்வி நூறாண்டுக்குப் பிறகு மீண்டும் பெரிதாக எழுந்தது. அன்றே அதற்கு ஒரு விடை கண்டவர் என்ற முறையில் ரிச்சர்ட்சனுக்குரிய பெயர் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

ஜப்பானுக்கு வண்டி போனதும் இந்தக் காலத்தில்தான். மேலைக் கல்வியை அந்நாட்டில் பரப்பிய ஃபுகுசாவா யூகிச்சி 1867இல் அமெரிக்காவிலிருந்து ஒரு குழந்தை வண்டியைக் கொண்டுவந்தார். முதுகில் துணியால் கட்டிப் பிள்ளையைச் சுமந்த நாடு அது. ஆனாலும் பின்னாளில் அங்கே மிகச் சிறிய, எடை குறைந்த வண்டிகள் செய்யும் தொழில் வளர்ந்தது.

இங்கிலாந்திலோ வண்டி கனத்துக்கொண்டே போயிற்று. லீட்ஸ் நகரில் வில்லியம் வில்சன் 1877இல் தொடங்கிய சில்வர் கிராஸ் நிறுவனம் குதிரை வண்டி செய்யும் நுட்பத்தையே குழந்தை வண்டிக்குக் கொண்டுவந்தது. வளைந்த எஃகு ஸ்பிரிங்குகளில் தோல் வார் கட்டி, அந்த வார்களில் உடலைத் தொங்கவிடுவார்கள். தெருவில் உள்ள குழி சக்கரத்துக்குத் தெரியும். உள்ளே கிடக்கும் பிள்ளைக்கு ஆட்டம் மட்டும்தான் தெரியும். தூளி ஆடுவதைப் போன்ற மெல்லிய ஆட்டம் அது. பலகையை வளைத்துச் செய்த உடல், பல பூச்சு வார்னிஷ், கையால் இழுத்த தங்கக்கோடு, உள்ளே மெத்தை என்று அந்த வண்டிகள் வீட்டின் அந்தஸ்தைத் தெருவுக்குச் சொல்லின.

தள்ளியது பெரும்பாலும் தாய் இல்லை. 1892இல் எமிலி வார்ட் லண்டனில் நார்லண்ட் நிறுவனத்தைத் தொடங்கிப் பிள்ளை வளர்ப்பை முறையாகக் கற்ற செவிலியரை அனுப்பத் தொடங்கினார். சீருடை அணிந்த ஆயாக்கள் கென்சிங்டன் தோட்டத்தில் வரிசையாக வண்டி தள்ளும் காட்சி எட்வர்ட் மன்னர் காலத்து லண்டனின் அடையாளமாயிற்று. அந்தத் தோட்டத்தில் பிள்ளைகளோடு பழகிய ஜே. எம். பேரி படைத்த பீட்டர் பான் கதையில், ஆயா வேறுபக்கம் பார்க்கும்போது வண்டியிலிருந்து விழுந்த பிள்ளைகளே தொலைந்த சிறுவர்கள் ஆகிறார்கள். அன்றைய பெற்றோரின் மனத்தில் இருந்த ஓர் உண்மையான அச்சத்திலிருந்து பிறந்த கற்பனை அது. 1925இல் வந்த ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தில் ஒடெசா படிக்கட்டில் தனியே உருண்டு இறங்கும் வண்டியைப் பார்த்தவர்களும் அதே அச்சத்தைத்தான் உணர்ந்தார்கள். தள்ளுபவர் கைவிட்டால் வண்டி நிற்க வேண்டும். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உடல் ஆழமாகித் தரைக்கு நெருங்கியது. காலால் அழுத்தும் பிரேக்கும் பிள்ளையைப் பிணைக்கும் வாரும் பரவின.

1938இல் கென்ட் மாவட்டத்தின் ஹெக்ஸ்டபிள் ஊரில் எடுத்த ஒரு புகைப்படத்தில் விஷவாயு புகாத குழந்தை வண்டி இருக்கிறது. மேலே மூடி, மூடியில் கண்ணாடிச் சாளரம், காற்றை வடிகட்ட ஒரு குழாய். தள்ளும் பெண்ணின் முகத்தில் வாயு முகமூடி. வெளிக்காற்றுக்காகப் பிறந்த பொருளை வெளிக்காற்றிடமிருந்து காக்கச் செய்த முயற்சி அது. அதைப் பார்ப்பவர்களுக்கு அந்த ஆண்டின் பயம் புரியும். போர் வந்ததும் லீட்ஸ் அருகே கைஸ்லியில் இருந்த சில்வர் கிராஸ் ஆலை விமான உறுப்புகளைச் செய்தது. தகட்டு உலோகத்தில் அங்கே பழகிய கை, போர் முடிந்ததும் வண்டிக்குத் திரும்பியது. பலகைக்குப் பதில் அலுமினியத் தகட்டில் உடல் செய்தார்கள்.

போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஆயா மறைந்தாள். தாயே வண்டியைத் தள்ளினாள். கடைவாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போவதும், பகலில் பிள்ளையை வண்டியோடு கொல்லையில் விட்டுத் தூங்க வைப்பதும் பிரிட்டனில் சாதாரணம். நார்டிக் நாடுகளில் இந்தப் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பனிக்காலத்திலும் கம்பளியில் சுற்றிய பிள்ளைகள் வெளியே வண்டிக்குள் உறங்குவார்கள். பின்லாந்தில் குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்போ 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளிக்காற்றின் நன்மையை வலியுறுத்தியது இதற்கு ஒரு காரணம். ஒரு நாட்டின் நல்ல வழக்கம் இன்னொரு நாட்டில் குற்றமாகவும் தெரியும். 1997இல் நியூயார்க்கில் உணவகத்துக்கு வெளியே பிள்ளையை வண்டியில் விட்டுவிட்டு உள்ளே அமர்ந்திருந்த டென்மார்க் தாய் கைது செய்யப்பட்டார்.

கனத்த வண்டிக்கு முடிவு கட்டியது கட்டடம். குண்டு விழுந்த தெருக்களின் இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. மாடிப்படியில் அந்தப் பெரிய வண்டியை ஏற்ற முடியாது, லிப்டில் நுழையாது, பேருந்தில் வைக்க இடமில்லை, காரின் பின்பெட்டியிலும் அடங்காது. பிள்ளை ஒரு கையில், பை மறு கையில், வண்டியை எந்தக் கையால் தூக்குவது?

விடை சொன்னவர் ஓவன் மெக்லாரன் (1907–1978). விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர். ஓய்வுக்குப் பிறகு நார்த்தாம்டன்ஷயரின் பார்பி கிராமத்தில் வசித்தார். மாஸ்கோவில் இருந்த மகள் பேரப்பிள்ளையோடு வந்தபோது, கனத்த வண்டியோடு பயணத்தில் அவர் பட்ட பாட்டைத் தாத்தா பார்த்தார். பறக்கும்போது மடங்கிச் சிறகுக்குள் புகுந்துகொள்ளும், இறங்கும்போது விரிந்து முழு எடையையும் தாங்கும் சக்கரக் கால்களோடு பழகிய கைக்கு வழி புலப்பட்டது. அலுமினியக் குழாய்களை எக்ஸ் வடிவில் குறுக்கே பூட்டினார். பக்கவாட்டிலும் நெடுக்கிலும் ஒரே அசைவில் அவை ஒடுங்கின. நடுவில் இருக்கைக்கு ஒரு துணி. குடைக்கு இருப்பது போல வளைந்த கைப்பிடி. மடித்தால் குடையைப் போலக் கையில் மாட்டிக்கொள்ளலாம். எடை 6 பவுண்டு, ஏறக்குறைய 2.7 கிலோ. 1965 ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967இல் வீட்டுக் குதிரைலாயத்தில் உற்பத்தி தொடங்கியது. முதல் ஆண்டில் ஏறக்குறைய 1,000 வண்டிகள். 1970களின் நடுவில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் போயிற்று.

இந்த வரலாற்றில் வேறு எந்த மாற்றத்தையும் விட இதற்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும். காரில்லாத, ஆயா இல்லாத, மாடியில் வாழ்கிற தாய் தனியாகப் பிள்ளையோடு பேருந்தில் ஏறி ஊர் சுற்றும் சுதந்திரம் அதனால் கிடைத்தது. பிள்ளை உட்காரும் இடம் பழையபடி இரண்டு கம்புகளுக்கு இடையே தொங்கும் ஒரு துணி என்பதையும் கவனிக்க வேண்டும். தூளி கட்டிய ஊர்க்காரர்களுக்கு அது அந்நியமாகத் தெரிந்திருக்காது.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. துணி இருக்கையில் பிள்ளை படுக்க முடியாது. எனவே கைக்குழந்தைக்கு அது ஏற்றதன்று. இன்னொன்று, பிள்ளையின் முகம் மறைந்தது. பெரிய வண்டியில் படுத்த குழந்தை தள்ளுபவரைப் பார்த்துக் கிடந்தது. மடக்கு வண்டியிலோ பிள்ளை முன்னோக்கி, தாய்க்கு முதுகு காட்டி உட்கார்ந்தது. இது பல ஆண்டுகள் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. 2008இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஸீடிக் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். தெருவில் வண்டி தள்ளுபவர்களை ஆயிரக்கணக்கில் கவனித்தார்கள். வெளிநோக்கிய வண்டியில் இருக்கும் பிள்ளையோடு பெற்றோர் குறைவாகவே பேசினார்கள். தம்மை நோக்கிய இருக்கைக்கு மாற்றியதும் பேச்சு கூடியது. முகம் தெரிந்தால் வாய் தானாகத் திறக்கிறது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்து மாட்டையும் நாயையும் வேடிக்கை பார்க்கும் வயதில் வெளிநோக்கிய இருக்கையில் குறையில்லை. பேச்சு ஊறும் முதல் ஆண்டில் முகம் பார்க்கும் இருக்கையே மேல்.

1980களுக்குப் பிறகு ஒவ்வொரு வாழ்க்கை முறைக்கும் ஒவ்வொரு வண்டி பிறந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா ஊரில் செய்தியாளராக இருந்த ஃபில் பெக்லர் ஓட்டப்பயிற்சியை விட மனமில்லாமல், மகனையும் விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், 1984 வாக்கில் வண்டிக்கு மூன்று சைக்கிள் சக்கரங்களைப் பூட்டினார். ஓட்ட வண்டி என்ற இனமே அதிலிருந்து தோன்றியது. நெதர்லாந்தில் ஐந்தோவன் வடிவமைப்புக் கல்லூரி மாணவர் மாக்ஸ் பாரென்பிரக் 1994இல் தம் பட்டப்படிப்புக்காக வரைந்த வண்டி 1999இல் புகபூ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஒரே சட்டத்தில் படுக்கையும் இருக்கையும் மாற்றி மாட்டலாம். கைப்பிடியை மறுபுறம் திருப்பினால் பிள்ளை தள்ளுபவரை நோக்கிவிடும். ரிச்சர்ட்சன் 1889இல் கேட்ட கேள்விக்குப் புதிய உலோகத்தில் வந்த விடை அது. விலையும் கூடவே ஏறியது. குழந்தை வண்டி மீண்டும் அந்தஸ்தின் அடையாளமாயிற்று.

உற்பத்தி கிழக்கே நகர்ந்தது. சீனாவின் குன்ஷான் நகரில் பள்ளிக் கணித ஆசிரியராக இருந்த சோங் ஸெங்ஹுவான், நலிந்துபோன பள்ளித் தொழிற்கூடத்தைப் பொறுப்பேற்று 1989இல் குழந்தை வண்டி செய்யத் தொடங்கினார். அது குட்பேபி என்ற பெயரில் உலகின் மிகப் பெரிய வண்டித் தயாரிப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. இங்கிலாந்திலோ சில்வர் கிராஸின் கைஸ்லி ஆலை 2002இல் மூடப்பட்டது.

மடங்கும் பொருளுக்கு மூட்டு உண்டு. மூட்டில் விரல் சிக்கும். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் ஏறக்குறைய 10 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டு, மூட்டுகளை மூட உறைகள் தரப்பட்டன. வண்டியை விரிக்கும்போது பிள்ளைகளின் விரல் நுனி துண்டான நிகழ்வுகள் அதற்குக் காரணம். அமெரிக்காவில் குழந்தை வண்டிகளுக்கான கட்டாயப் பாதுகாப்பு விதி 2014இல் வெளியாகி 2015இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் ஈ.என். 1888 என்ற தரம் இருக்கிறது. பிரேக் சரிவில் நிற்கிறதா, தானாக மடங்காதபடி இரட்டைப் பூட்டு உண்டா, பிள்ளை நழுவாதபடி வார் இருக்கிறதா என்று அவை சோதிக்கின்றன. ஜப்பானின் வகைப்பாடு எளிமையானது: பிறந்து 1 மாதம் முதல் படுக்க வைக்கத் தக்கது ஏ வகை, 7 மாதம் முதல் உட்கார வைப்பது பி வகை. வாங்கப் போகும் வீட்டார் முதலில் கேட்க வேண்டியதை இரண்டு எழுத்துகளில் சொல்லிவிடும் முறை.

இன்று கடையில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் இந்த வரலாறு முழுவதும் அருகருகே நிற்கிறது. கூடைப்படுக்கை உள்ளது லீட்ஸின் வாரிசு. கைக்குழந்தைக்கு அதுவே சரி, மூன்றாம் மாடிக்குத் தூக்குவது கடினம். குடை வண்டி பேருந்துக்கும் ரயிலுக்கும் உரியது, உட்காரத் தெரிந்த பிள்ளைக்கு. பெரிய காற்றுச் சக்கரங்கள் மேடுபள்ளத்தைத் தாங்கும், ஆனால் மடித்தாலும் இடம் பிடிக்கும். கார் இருக்கையை அப்படியே மாட்டும் சட்டம் தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் இறக்க உதவும். ஆனால் அந்தக் குறுகிய இருக்கையில் பிள்ளையின் தலை நெஞ்சை நோக்கிக் குனிவதால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கிடத்தக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. இரட்டைப் பிள்ளைகளுக்கு அருகருகே இருக்கை வைத்த வண்டி வாங்குவோர் வீட்டு வாசல், லிப்டு இரண்டின் அகலத்தையும் முதலில் அளக்க வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டால் எடை குறைந்த வண்டி பின்னால் சாயும். பிள்ளையை இறக்கிய கணத்தில் அது குப்புறாமல் மல்லாந்து விழும். வெயிலுக்கென்று வண்டியைத் துணியால் போர்த்துவது உள்ளே வெப்பத்தைக் கூட்டும். வெப்ப நாடுகளில் இது உயிருக்கே ஆபத்து.

வண்டி எங்கே போகலாம் என்ற பழைய கேள்வியும் அடங்கவில்லை. 2012இல் இங்கிலாந்தின் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குப் போகும் பேருந்தில் சக்கர நாற்காலிக்கு ஒதுக்கிய இடத்தில் உறங்கும் பிள்ளையோடு ஒரு குழந்தை வண்டி நின்றது. தாய் மடிக்க முடியாது என்றார். சக்கர நாற்காலியில் வந்தவர் ஏற முடியவில்லை. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சும்மா கேட்டுவிட்டு விட்டுவிடாமல், இடம் விடும்படி ஓட்டுநர் மேலும் வற்புறுத்த முயல வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

தமிழ்நாட்டில் குழந்தை வண்டி பெரும்பாலும் விமான நிலையத்திலும் வணிக வளாகத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்வழியிலும் உருள்கிறது. வெளியே வந்தால் நடைபாதையில் மின்பெட்டி, நிறுத்திய பைக், உயர்ந்த விளிம்புக்கல். இந்த ஊர்த் தெருவுக்குப் பெரிய சக்கரமும், ஒரு கையால் தூக்கும் எடையும் ஒன்றாகத் தேவைப்படுகின்றன; இரண்டும் ஒரே வண்டியில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால்தான் வண்டி வாங்கிய வீட்டிலும் கடைத்தெருவுக்குப் போகும்போது பிள்ளை இடுப்புக்கே திரும்புகிறது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போவோருக்கும் முன்னுரிமை தரும் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அகலப்படுத்திய நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. 1850களின் லண்டன் ஆயாவுக்குக் கிடைத்திருந்த தளம் போட்ட பாதை, அந்தத் தெருவில் சென்னைத் தாய்க்கும் கிடைத்திருக்கிறது.